எடுத்த இடத்திலேயே வை!

போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவை அவினாசி ரோட்டில் ஒரு ஏ.சி. கல்யாண மண்டபம். தாலி கட்டும் மேடை முழுக்கக் கல்லூரி பேனர்கள். கல்விக் கண்காட்சியாம். சோமனூரில் தறி ஓட்டும் நண்பர், "நீங்க பத்திரிகைக்காரரு, நாலு விஷயம் தெரியும். கூட வாங்க" என்று இழுத்துக்கொண்டு போயிருந்தார். மகள் ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் என்பது முடிவாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்பதுதான் பாக்கி.

ஒரு ஸ்டாலில் டை கட்டிய இளைஞர் நோட்டீஸ் நீட்டினார். நண்பரின் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மைக்ரோபிராசஸர் லேப் இருக்குங்களா?" அவளுடைய பெரியம்மா மகன் பத்து வருடம் முன்பு எஞ்சினீயரிங் படித்தபோது, அவனுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

இளைஞர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் மியூசியத்துக்குப் போயாச்சும்மா! 8086, அசெம்பிளி, புஷ், பாப்... யாரு இப்ப அதத் தொடறா? நம்மகிட்ட ஏ.ஐ. லேப் இருக்கு. ஃபுல்லா ஏ.சி."

ஏ.சி. என்றதும் நண்பர் தலையாட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

நான் பி.காம். உனக்கு ஏன்யா சுருக்கென்றது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே போகவேண்டியிருக்கிறது.

பிராசஸர் என்கிற சில்லுக்குள் 'ரெஜிஸ்டர்' என்று சின்னச் சின்னப் பெட்டிகள் உண்டு. இன்று நம் லேப்டாப்புகளில் பரவலாக இருக்கும் இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் பொது உபயோகத்துக்கு 16 பெட்டி. 1978-ல் வந்த 8086-ல் எட்டு. கூட்டுவதோ கழிப்பதோ ஒப்பிடுவதோ, எதுவானாலும் இந்தப் பெட்டிகளில் போட்டுத்தான் செய்யும். ஜி.பி. கணக்கில் மெமரி இருந்தாலும் கைவேலை நடக்கிற மேஜை இவ்வளவுதான்.

மேஜை சின்னது, ஆள் நிறைய. ஒருத்தர் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருத்தர் வந்து அதே மேஜையை உபயோகிக்க வேண்டும். வந்தவர் முதல் காரியமாக, மேஜையில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கி வைக்கிறார். அது புஷ். தன் வேலை முடிந்ததும் தலைகீழ் வரிசையில் எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறார். அது பாப். கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது நம்ம பழைய 'லிஃபோ'தான்!

இவ்வளவுதான் விஷயம். பி.எஸ்.ஜி. டெக், ஜி.சி.டி., சி.ஐ.டி., பெருந்துறை, சத்தியமங்கலம் என்று இந்தக் கொங்கு மண்டலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பையன்களும் பெண்களும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, சிவப்பு மையில் கையெழுத்து வாங்கி, பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட விஷயம்.

அது செத்துப்போச்சு என்கிறார் டை கட்டியவர். சாகவில்லை. உங்கள் பேங்க் கணக்கு ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு ஒட்டு போடுகிறவர்கள் இன்று ராத்திரியும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

2018 ஜனவரி 3-ம் தேதி ஒரு குண்டு வெடித்தது. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று இரண்டு பெயர். கூகுள் ஆராய்ச்சியாளர்களும், ஆஸ்திரியாவில் கிராஸ் பல்கலைக்கழகத்துக்காரர்களும், வேறு சிலரும் தனித்தனியாகத் தோண்டிக் கண்டுபிடித்தது. விஷயம் இதுதான். பிராசஸர் வேகத்துக்காக ஊகம் செய்கிறது. நம்ம ஊர் பேக்கரியில் தினமும் போகிற கஸ்டமர் தூரத்தில் வரும்போதே மாஸ்டர் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டுவிடுவார் இல்லையா, அப்படி. வந்தவர் "இன்னைக்கு டீ வேண்டாங்" என்றால் கீழே ஊற்றிவிடுவார். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஈர கிளாஸ் மேஜையில் இருக்கிறது. அதைப் பார்க்கிற மூன்றாவது ஆள், யாருக்காக என்ன போட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பிராசஸர் ஊகத்தில் தொட்டு, பிறகு வேண்டாமென்று விட்ட ரகசியங்களும் இப்படித்தான் கசிந்தன. பாஸ்வேர்டு உட்பட.

ஓட்டை சில்லில். சில்லை உருக்கி மறுபடி வார்க்க முடியுமா? முடியாது. அதனால் கெர்னலில் ஒட்டு போட்டார்கள். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்ப்பக்கிரகம். வெளியே இருக்கிற எந்த புரோகிராமும் ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமென்றால்கூட அதன் வாசலில் வந்து நின்றுதான் கேட்க வேண்டும். அந்த வாசலில், உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும், கூடுதலாகச் சில கட்டளைகளைச் செருகினார்கள். லினக்ஸ் கெர்னல் இதில் ஒரு படி மேலே. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே, "நான் எந்தச் சில்லின் மேல் ஓடுகிறேன், இதில் என்ன ஓட்டை?" என்று பார்த்து, தன்னுடைய கோடைத் தானே திருத்திக்கொள்ளும். ஓட்டை இல்லாத சில்லானால் அந்த இடத்தில் சும்மா இருக்கச் சொல்லும் கட்டளை. ஓட்டை உள்ள சில்லானால் வைத்தியம்.

இங்கேதான் நம்ம புஷ், பாப் வருகிறது.

வைத்தியக் கட்டளைக்கும் மேஜை வேண்டும். டபிள்யூ.ஆர்.எம்.எஸ்.ஆர். என்று ஒரு கட்டளை. சில்லின் ஊகத்தை அடக்கி வைக்கிற ஸ்விட்சைத் திருப்புவது இதுதான். 2022 ஜூலையில் 'ரெட்பிளீட்' என்ற அடுத்த ஓட்டை வந்தபோது, சில இன்டெல் சில்லுகளுக்காக லினக்ஸ் வாசலில் இதை வைத்தார்கள். இந்தக் கட்டளைக்கு மூன்று பெட்டிகள் காலியாக வேண்டும். எந்த மூன்று? ஒன்றில், வந்திருக்கிற புரோகிராம் என்ன வேலைக்காக வந்தது என்கிற நம்பர் இருக்கிறது. இரண்டாவதில், அது கொண்டுவந்த விவரங்களில் ஒன்று இருக்கலாம். மூன்றாவதில், வேலை முடிந்ததும் அது எங்கே திரும்பிப் போகவேண்டும் என்கிற விலாசம்!

யோசித்துப் பாருங்கள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவரின் கையிலிருந்து மனு நம்பரையும் மனுவில் பாதியையும் வீட்டு விலாசத்தையும் வாசல் செக்யூரிட்டி வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "சார், நீங்க பத்திரமா உள்ளே போகலாம்" என்று சல்யூட் அடித்தால் எப்படி இருக்கும்? அதனால் முதலில் எல்லாப் பெட்டியையும் புஷ் செய்து ஓரம் கட்டிவிட்டு, அப்புறம்தான் வைத்தியம். வெளியே போகும்போது முதலில் வைத்தியம், அப்புறம் பாப். ஒரு வரி முன்னே பின்னே போனால் போச்சு.

"இதெல்லாம் தெரியாமலா அமெரிக்காக்காரன் எழுதறான்?" என்பீர்கள். தெரிந்துதான் எழுதுகிறார்கள். தெரிந்தும் தவறுகிறது. அதுதான் நான் சொல்ல வந்த கதை.

வி.இ.ஆர்.டபிள்யூ. என்று ஒரு கிழட்டுக் கட்டளை. 1982-ல் வந்த 80286 காலத்து ஆசாமி. மெமரியில் ஒரு பகுதியில் எழுத அனுமதி உண்டா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. 2019 மே மாதம், சில்லின் உள் இடுக்குகளில் தங்கிப்போகும் பழைய தகவலைத் திருடலாம் என்று தெரிந்தபோது, இன்டெல் இந்தக் கிழவருக்கு இன்னொரு வேலை கொடுத்தது. கூப்பிட்டால் இடுக்கெல்லாம் பெருக்கிவிட வேண்டும். வாட்ச்மேனைத் தோட்டிவேலைக்கும் சேர்த்துப் போட்ட மாதிரி. ஆனால் கிழவர் பழைய வேலையையும் விடவில்லை. பெருக்கி முடித்த கையோடு, "எழுத அனுமதி உண்டு" என்று ஒரு கொடியை ஏற்றிவிட்டுத்தான் போவார்.

அந்தக் கொடிக்குப் பெயர் ஜீரோ ஃபிளாக். பூஜ்யக் கொடி. ஒரே ஒரு பிட். கணக்கு பூஜ்யமா, இரண்டு எண்களும் சமமா என்ற கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வைத்திருக்கிற இடம். புரோகிராமில் "அப்படியானால் இந்தப் பக்கம் போ" என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் திரும்பும்.

2024 பிப்ரவரியில் லினக்ஸ்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெருக்கிவிட்டு வெளியே போவதற்குள் மறுபடி குப்பை விழுகிறது, அதனால் வெளியே காலெடுத்து வைக்கிற கடைசி நிமிஷத்தில் பெருக்கலாம் என்று கட்டளையைத் தள்ளித் தள்ளி வாசல்படிக்கே கொண்டுபோனார்கள். அந்த பேட்ச் வரிசையில் ஒரு இடம், ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர் ஓடுகிற சமாச்சாரம். கிளவுட் என்கிறோமே, அது. அங்கே பூஜ்யக் கொடியைப் பார்த்துத்தான் அடுத்த அடி எடுத்துவைக்கிற கோடு இருந்தது. கிழவர் வந்தால் கொடி மாறிவிடும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த வேலையை வேறு ஒரு கொடிக்கு மாற்றிவிட்டுத்தான் கிழவரை உள்ளே விட்டார்கள். சபாஷ் போடலாம்.

அதே வரிசையில், 32-பிட் கம்ப்யூட்டருக்கான வாசல்களில் ஒன்றில், கோட்டை விட்டார்கள். புரோகிராமின் கொடிகளையெல்லாம் ஒழுங்காகத் திரும்ப வைத்தாகிவிட்டது. அதற்கு அப்புறம் கிழவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், பெருக்கினார், பூஜ்யக் கொடியை ஏற்றிவிட்டுப் போனார். வந்த புரோகிராமின் பதில் 'இல்லை' என்று இருந்தாலும், வெளியே போகும்போது 'ஆம்'!

எட்டு மாதம் அப்படியே கிடந்தது. 2024 அக்டோபரில் சரிசெய்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஒரு வரியைச் சில வரிகள் மேலே நகர்த்தினார்கள். முதலில் பெருக்கு, அப்புறம் கொடியை வை. அவ்வளவுதான்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாசல் பழசு, உபயோகிக்கிறவர்கள் குறைவு. அந்தக் கொடியை நம்பி வாசலைத் தாண்டுகிற புரோகிராம் அதைவிடக் குறைவு. அதனால் உலகம் மூழ்கிவிடவில்லை. ஆனால் எழுதியவர்கள் யார்? சில்லைச் செய்கிற கம்பெனியின் எஞ்சினீயர்கள். உலகத்தில் இதில் இவர்களுக்கு மேல் ஆள் கிடையாது. ஒரே வரிசையில் ஒரு இடத்தில் கொடியைப் பார்த்தவர்கள் இன்னொரு இடத்தில் பார்க்கவில்லை. அவ்வளவு நுணுக்கமான வேலை. அதைத்தான் நாம் 'மியூசியம்' என்கிறோம்!

சோமனூர் நண்பரிடம் இந்தக் கதையைக் காரிலேயே சொன்னேன். ரெஜிஸ்டர் என்றதும் சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் என்று நினைத்தவர், கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டார். "ஏனுங், இது பாவு பிணைக்கற மாதிரிதானுங்களே?" என்றார். அசந்துபோனேன். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவு ஏற்றுவார்கள். பழைய பாவின் நுனி இழைகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே நிற்கும். அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை ஒன்றொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. "ஒரு இழை மாறிக் கட்டிப்போட்டா அப்பத் தெரியாதுங்க. நாலு மீட்டர் ஓடி, துணியப் பாத்தாத்தான் தெரியும். வாங்கறவன் ரிஜெக்ட் பண்ணிப்போடுவான்."

இந்த மனிதர் எஞ்சினீயரிங் வாசலை மிதித்ததில்லை.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். முதல் வாதம், "அதையெல்லாம் கம்பைலர் பார்த்துக்கும்." பார்த்துக்கொள்ளும்தான், சாதாரண புரோகிராமில். கெர்னல் வாசலில் கம்பைலர் கிடையாது, மனிதன் கையால் எழுதிய அசெம்பிளிதான். மற்ற இடங்களில் செருகுகிற கட்டளைக்கும், "இது இன்னின்ன பெட்டியைக் கலைக்கும்" என்று மனிதன் எழுதிக் கொடுக்கிற பட்டியலைத்தான் கம்பைலர் நம்பும். பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டால் கேள்வி கேட்காது. ஆடிட்டர் கேட்காத வவுச்சர் மாதிரி, பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, "ஏ.ஐ. எழுதிடும்." எழுதட்டும். எழுதியது சரியா என்று பார்க்க ஒருத்தர் வேண்டுமே. அவருக்குப் பூஜ்யக் கொடி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே!

மூன்றாவதுதான் கொஞ்சம் கனமான வாதம். "இதில் எத்தனை பேருக்கு சார் வேலை?" ரொம்பக் குறைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டு பிசகினால் என்ன விலை என்று பாருங்கள். 2018-ல் மெல்ட்டவுனுக்காக விண்டோஸ் 7-க்குப் போட்ட ஒட்டு, கெர்னலின் மெமரி வரைபடத்தையே எந்த புரோகிராமும் படிக்கவும் எழுதவும் திறந்துவிட்டது. பழைய ஓட்டையில் படிக்கத்தான் முடிந்தது, அதுவும் மெதுவாக. புது ஓட்டையில் எழுதவும் முடிந்தது! அதே ஜனவரி 22-ம் தேதி இன்டெல்லே, "நாங்கள் கொடுத்த மைக்ரோகோடு அப்டேட்டை இப்போதைக்குப் போடாதீர்கள், கம்ப்யூட்டர் தானாக ரீபூட் ஆகிறது" என்று கையைத் தூக்கியது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. நம் ஏர்போர்ட்டுகளில் பேனா எடுத்து போர்டிங் பாஸ் எழுதினார்கள். அது ரெஜிஸ்டர் விவகாரம் இல்லைதான். கெர்னலுக்குள் கை வைக்கிறவன் கொஞ்சம் அசந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சொல்கிறேன்.

ஒரு பி.காம்.காரனாக இன்னொரு வயிற்றெரிச்சலையும் இங்கே கொட்டிவிடுகிறேன். 1994-ல் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு தப்பாக வந்தபோது, இன்டெல் சில்லை மாற்றிக் கொடுத்தது, 47.5 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. 2018-ல்? சில்லு மாற்றித் தரவில்லை. ஒட்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒட்டின் விலையை நீங்களும் நானும் வேகத்தில் கட்டினோம். ரெட்பிளீட் ஒட்டினால் ஏ.எம்.டி. சில்லில் 14 சதவீதம், இன்டெல்லில் 39 சதவீதம் வரை கூடுதல் சுமை என்று அதைக் கண்டுபிடித்த ஜூரிச் ஆராய்ச்சியாளர்களே அளந்து சொன்னார்கள். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, மோட்டாரை விற்றுவிட்டு, "ஷாக் அடிக்காம இருக்கணும்னா தண்ணி கொஞ்சம் கம்மியாத்தான் வரும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். விவசாயி மோட்டாரைக் கொண்டுவந்து டீலர் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். சில்லு விஷயத்தில் நமக்கு அந்த வாய் இல்லை. ஏன் இல்லை? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் கூட்டத்தில் குறைந்துகொண்டே போகிறான்.

குறைப்பது யார்? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு மைக்ரோபிராசஸர் தனித்தாள், தனி லேப். 2021 பாடத்திட்டத்தில் தனித்தாள் இல்லை. எம்படெட் சிஸ்டமும் ஐ.ஓ.டி.யும் சேர்ந்த ஒரு தாளில் 8051 ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. டேட்டா சயின்ஸும் ஏ.ஐ.யும் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டன. வரட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இடம் கொடுக்க எழுப்பிவிட இவன்தானா கிடைத்தான்?

தப்பு பாடத்தில் மட்டும் இல்லை. புஷ், பாப் சொல்லிக்கொடுத்த லட்சணம் நமக்குத் தெரியாதா? இரண்டு எண்களைக் கூட்டு, கிட்டில் ஹெக்ஸ் நம்பர் தட்டு, வந்த விடையை நோட்டில் எழுது. "எதுக்கு சார் இது?" என்று கேட்ட பையனுக்கு, "சிலபஸ்ல இருக்குப்பா" என்று பதில். வாசலில் வந்து நிற்கிற புரோகிராமின் விலாசம் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு வாத்தியார், ஒரே ஒரு வாத்தியார் சொல்லியிருந்தால், அந்த நோட்டு எடைக்குப் போயிருக்குமா?

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலே பத்து கிலோமீட்டர் மேம்பாலம். 2025 அக்டோபரில் திறந்தார்கள். பெயர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். அந்த மனிதர் இளம்வயதில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டித்தான் மெஷின் படித்தார் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டி முடித்த பிறகு தரையில் ஒரு நட்டுகூட மிச்சமில்லை பாருங்கள், அதுதான் சமாச்சாரம். பெயரைப் பாலத்துக்கு வைத்துவிட்டோம். ஸ்குரூ டிரைவரை பாலத்துக்கு அடியில் இருக்கிற மண்டபத்தில் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர் போன வாரம் போன் செய்தார். மகள் ஏழு கல்லூரிக்கு நேரில் போய், அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஐந்து இடத்தில் சிரிப்பு. ஒரு இடத்தில், "ஹெச்.ஓ.டி.ய கேட்டுச் சொல்றோம்". ஏழாவது இடத்தில் ஒரு வயதான லேப் அசிஸ்டன்ட், பூட்டியிருந்த பீரோவைத் திறந்து, துணி போட்டு மூடிவைத்திருந்த பழைய 8086 கிட்டை எடுத்துத் தூசி தட்டி, பிளக்கில் மாட்டிக் காட்டினாராம். சிவப்பு எழுத்து எரிந்ததாம்.

"பாப்பா அந்தக் காலேஜுதான் வேணுங்குது. ஆனா அங்க ஏ.சி. இல்லீங்க" என்றார் நண்பர்.